உடற்கட்டு: பொருளும் பயன்பாடும்



சுகாதாரமும் உடற்கல்வியும் பாட வினாத்தாளில் உடற்கட்டு, உடற்றிணிவுச் சுட்டி, போசணை நிலை ஆகிய மூன்றையும் ஒன்றுடன் ஒன்று குழப்பி விடை எழுதி, கிடைக்க வேண்டிய புள்ளிகளை இழப்போர் பலர். இவை ஒன்றோடொன்று தொடர்புடையவை. ஆயினும் ஒன்றல்ல. இக்கட்டுரையில் உடற்கட்டு என்னும் மருத்துவச் சொல்லின் பொருளையும், அது எங்கே பயன்படுகின்றது என்பதையும், எங்கே பயன்படுத்தக் கூடாது என்பதையும் பார்ப்போம். கண்டி நகரிலும் அதனைச் சூழவுள்ள தோட்டங்களிலும் வாழும் நமக்கு இந்த மூன்றாவது விடயம் மிக முக்கியமானது.

1. சொல்லின் பொருள்

ஒருவரின் என்புச்சட்டத்தின் பருமன், தசைகளின் வளர்ச்சி, கொழுப்பின் அளவும் அது படிந்துள்ள இடமும், உடம்பு, கை, கால்களின் நீள விகிதம் ஆகியன சேர்ந்து தரும் மொத்தத் தோற்றமே உடற்கட்டு ஆகும். பேச்சு வழக்கில் உடல்வாகு, தேகவாகு என்கிறோம். மேலைத்தேய மருத்துவத்தில் இதற்கு ஹபிற்றஸ் என்ற இலத்தீன் சொல் வழங்குகின்றது. நிலை, தோற்றம் என்பன அதன் பொருள். நம் நாட்டுச் சித்த, ஆயுள்வேத வைத்தியர்களும் வாத தேகி, பித்த தேகி, கப தேகி எனப் பிரித்துப் பார்த்தே மருந்து கொடுத்தனர். ஆகவே உடலின் அமைப்பைக் கண்டு நோயாளியை அறிய முற்படுவது பழைமையான வழக்கம்.

கவனிக்க: உயரம் மட்டும் உடற்கட்டு அன்று. நிறை மட்டும் உடற்கட்டு அன்று. ஒரே உயரமும் ஒரே நிறையும் உள்ள இருவர் வேறுபட்ட உடற்கட்டு உடையவர்களாக இருக்கலாம். ஒருவருக்குத் தசை கூடுதலாகவும் மற்றவருக்குக் கொழுப்புக் கூடுதலாகவும் இருப்பதே காரணம்.

தனி ஓர் உறுப்பின் அமைப்பையும் உடற்கட்டு என எழுதக் கூடாது. உதாரணமாக, கண்டியில் பிறந்து கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் கற்ற முத்தையா முரளிதரனுக்குப் பிறப்பிலிருந்தே வலது முழங்கையை முழுமையாக நீட்ட முடியாது. 1995 இல் மெல்போர்ன் டெஸ்ட் போட்டியில் அவரது பந்து வீச்சு முறையற்றது என நடுவர் அறிவித்தார். 1996 இல் மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் அவரது கையின் அசைவு அளந்து ஆராயப்பட்டது. கண்ணுக்கு எறிவது போலத் தெரிவது ஒரு தோற்ற மயக்கமே என அங்கு விளக்கப்பட்டது. 2010 இல் 800 டெஸ்ட் விக்கெட்டுகளுடன் அவர் ஓய்வு பெற்றார். முழங்கையின் இந்த நிலை உடலமைப்பு வேறுபாடு ஆகும், உடற்கட்டு அன்று. எனினும் இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. உடலைப் பற்றிக் கண்ணால் பார்த்து முடிவு செய்வதற்கும் அளந்து பார்த்து முடிவு செய்வதற்கும் இடையே பெரிய வேறுபாடு இருக்கிறது.

2. மருத்துவத்தில் உடற்கட்டின் பயன்

(அ) உறுப்புகளின் இடத்தை அறிதல்: எக்ஸ் கதிர்ப் படம் எடுப்போர் உடற்கட்டை நான்காகப் பிரிப்பர். அவை ஹைப்பர்ஸ்தெனிக் (மிகப் பருத்த கட்டு), ஸ்தெனிக் (சாதாரண கட்டு), ஹைப்போஸ்தெனிக் (சற்று மெலிந்த கட்டு), அஸ்தெனிக் (மிக மெலிந்த கட்டு) என்பன. ஸ்தெனோஸ் என்றால் கிரேக்க மொழியில் வலிமை. சுமார் அரைவாசிப் பேர் ஸ்தெனிக் வகையினர் எனப் பாடநூல்கள் கூறும். மிகப் பருத்தவரில் இரைப்பை மேலே, ஏறத்தாழக் கிடையாக இருக்கும். மிக மெலிந்தவரில் அது நீண்டு, கீழே தொங்கியவாறு காணப்படும். பித்தப்பையின் இடமும் இவ்வாறே மாறும். உடற்கட்டைக் கவனியாது படம் எடுத்தால் பார்க்க வேண்டிய உறுப்பு படத்தில் சரியாக விழாது போகலாம்.

(ஆ) நோயை இனங்காணல்: சில நோய்களுக்கென்றே தனித்த உடற்கட்டு உண்டு. 1896 இல் பிரான்சிய மருத்துவர் மார்பன் விவரித்த நோயில் உடல் நெடிதாகவும் மெலிந்தும், கை கால்களும் விரல்களும் மிக நீண்டும் இருக்கும். விரித்த கைகளின் நீளம் உயரத்தை விடக் குறிப்பிடத்தக்க அளவு கூடியிருக்கும். இந்நோய் இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடியையும் தாக்கக் கூடியது. எனவே வைத்தியர் அத்தோற்றத்தைக் கண்டதும் இதயத்தையும் பரிசோதிப்பார். குஷிங் நோயில் முகமும் வயிறும் பருத்து, கை கால்கள் மெலிந்திருக்கும்.

(இ) ஆபத்தை மதிப்பிடல்: கொழுப்பு எவ்வளவு என்பது போலவே எங்கே என்பதும் முக்கியம். வயிற்றைச் சுற்றிப் படியும் கொழுப்பு நீரிழிவுக்கும் இதய நோய்க்கும் வழிவகுக்கும். தெற்காசியருக்கு இடைச் சுற்றளவு ஆண்களில் 90 செ.மீ. ஐயும் பெண்களில் 80 செ.மீ. ஐயும் அடைந்தால் அது வயிற்றுப் பருமனாகக் கொள்ளப்படுகின்றது.

3. உடற்கல்வியில் உடற்கட்டு வகைகள்

1940 இல் அமெரிக்கரான ஷெல்டன் மனித உடற்கட்டை மூன்று கூறுகளாகப் பிரித்தார். முளையத்தின் மூன்று படைகளிலிருந்து அவற்றுக்குப் பெயரிட்டார்.

• எண்டோமோர்ப்: அகப்படை. உருண்டு பருத்த, கொழுப்புக் கூடிய கட்டு.
• மெசோமோர்ப்: இடைப்படை. என்பும் தசையும் திரண்ட கட்டு.
• எக்டோமோர்ப்: புறப்படை. நெடிய, மெலிந்த கட்டு.

ஒவ்வொரு கூறுக்கும் 1 முதல் 7 வரை எண் வழங்கப்பட்டது. 1-7-1 எனில் தசைத் திரட்சி மிக்கவர். 4-4-4 எனில் மூன்றும் நடுத்தரமாக உள்ளவர். முழுக்க முழுக்க ஒரே வகையைச் சேர்ந்தவர் மிக அரிது. பெரும்பாலானோர் கலப்பு வகையினரே. இதனை விடையில் குறிப்பிட மறவாதீர்கள்.

ஷெல்டன் உடற்கட்டைக் கொண்டு ஒருவரின் குணத்தையும் கூறலாம் என எழுதினார். பருத்தவர் இன்பப்பிரியர், மெலிந்தவர் கூச்சமுடையவர் என்பன போன்ற அக்கருத்துகளை இன்றைய அறிவியல் ஏற்பதில்லை. உடலை அளக்கும் பகுதி மட்டும் திருத்தப்பட்டு நிலைத்தது. 1967 இல் வெளியான ஹீத்-கார்ட்டர் முறையில் உயரம், நிறை, நான்கு தோல்மடிப்புகள், இரண்டு என்பு அகலங்கள், இரண்டு சுற்றளவுகள் என 10 அளவீடுகள் பெறப்படுகின்றன. விளையாட்டு விஞ்ஞானத்தில் இம்முறை இன்றும் பயன்படுகிறது.

நித்தவலை மைதானத்தில் ரக்பி பார்த்தவர்கள் இதனை எளிதில் விளங்கிக் கொள்வார்கள். முன்வரிசையில் நின்று தள்ளுபவரும் ஓரத்தில் ஓடுபவரும் ஒரே கட்டு உடையவர்கள் அல்லர். நெடுந்தூர ஓட்டத்துக்கு மெலிந்த கட்டும், குண்டு போடுதலுக்குத் திரண்ட கட்டும் உதவும். ஆயினும் பயிற்சியும் உணவும் கட்டினை ஓரளவு மாற்றும். ஆகவே கட்டைப் பார்த்து ஒரு மாணவனை விளையாட்டிலிருந்து ஒதுக்குவது தவறு.

4. உடற்றிணிவுச் சுட்டி

உடற்கட்டை வருணிக்கலாம், ஆனால் ஒரே எண்ணால் முழுமையாகக் கூற இயலாது. நிறை உயரத்துக்குப் பொருத்தமானதா என அறிய உதவும் எளிய எண்ணே உடற்றிணிவுச் சுட்டி (பி.எம்.ஐ.). நிறைக்கும் உயரத்தின் வர்க்கத்துக்கும் உள்ள தொடர்பை 19 ஆம் நூற்றாண்டில் பெல்ஜியத்தின் குவெற்லே எடுத்துக்காட்டினார். இன்றைய பெயரை 1972 இல் அமெரிக்கரான அன்செல் கீஸ் வழங்கினார்.

உடற்றிணிவுச் சுட்டி = நிறை (கி.கி.) ÷ உயரம்² (மீ²)

வளர்ந்தோருக்கான பெறுமானங்கள்:

18.5 இலும் குறைவு: நிறை குறைவு
18.5 – 24.9: உகந்த நிறை
25.0 – 29.9: அதிக நிறை
30.0 உம் அதற்கு மேலும்: உடற்பருமன்

ஆசியர்களில் குறைந்த சுட்டியிலேயே நீரிழிவும் இதய நோயும் தோன்றுவதால், உலக சுகாதார தாபனத்தின் நிபுணர் குழு 2002 இல் சிங்கப்பூரில் கூடி ஆராய்ந்தது. பொது வகைப்பாட்டை மாற்றாமல், ஆசிய மக்களுக்கு 23 உம் 27.5 உம் மேலதிக எச்சரிக்கை எல்லைகளாக 2004 இல் வெளியிடப்பட்ட அறிக்கையில் பரிந்துரைக்கப்பட்டன.

இப்போது நான்கு உதாரணங்களைக் கணித்துப் பாருங்கள்.

உதாரணம் 1: நிறை 66 கி.கி., உயரம் 1.65 மீ. உள்ள ஆசிரியர். 66 ÷ 2.7225 = 24.2. பொது அட்டவணைப்படி உகந்த நிறை. ஆசிய எல்லைப்படி 23 ஐத் தாண்டியவர், கவனம் தேவை.

உதாரணம் 2: நிறை 92 கி.கி., உயரம் 1.75 மீ. உள்ள ரக்பி வீரர். 92 ÷ 3.0625 = 30.0. அட்டவணைப்படி உடற்பருமன். ஆனால் அவரிடம் உள்ளது பெரும்பாலும் தசை எனில் அம்முடிவு பொருந்தாது. சுட்டி தசையையும் கொழுப்பையும் பிரித்தறியாது.

உதாரணம் 3: நிறை 40.5 கி.கி., உயரம் 1.50 மீ. உள்ள 13 வயது மாணவன். 40.5 ÷ 2.25 = 18.0. இது 18.5 இலும் குறைவு என்பதால் நிறை குறைந்தவன் என எழுதினால் விடை பிழை. வளரும் பருவத்தினருக்கு வயதுக்கும் பாலுக்கும் உரிய வரைபடத்தையே பார்க்க வேண்டும். 13 வயதுச் சிறுவருக்கு 18 அளவிலான சுட்டி உகந்ததே.

உதாரணம் 4: நிறை 42 கி.கி., உயரம் 1.45 மீ. உள்ள, கொழுந்து பறிக்கும் தாய். 42 ÷ 2.1025 = 20.0. உகந்த நிறை. ஆனால் கதை இங்கே முடிவதில்லை. அடுத்த பகுதியைக் கவனமாக வாசியுங்கள்.

5. “எங்கள் கட்டே அப்படித்தான்”

கண்டி மாவட்டத்தின் லூல்கந்துர தோட்டத்தில் 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அதற்கு முன்பே கோப்பித் தோட்டங்களுக்காகத் தென்னிந்தியாவிலிருந்து மக்கள் அழைத்து வரப்பட்டிருந்தனர். தெல்தோட்டை, கலஹா, புசல்லாவை, மடுல்கல பகுதிகளில் இன்றும் அவர்களது வழித்தோன்றல்கள் வாழ்கின்றனர். வகுப்பில் உயரம் குறைந்த ஒரு பிள்ளையைப் பற்றிக் கேட்டால், “எங்கள் ஆட்களின் கட்டே அப்படித்தான், அம்மாவும் அப்படித்தான், அம்மம்மாவும் அப்படித்தான்” என்ற பதில் வருவதைக் கேட்டிருப்பீர்கள். இப்பதில் சரியா?

தரவுகளைப் பார்ப்போம். வயதுக்கேற்ற உயரம் உலக சுகாதார தாபனத்தின் நியமத்தை விட மிகக் குறைந்திருத்தல் வளர்ச்சி குன்றல் எனப்படும். இது நெடுங்காலக் குறைபோசணையின் அடையாளம். 2016 ஆம் ஆண்டுக் குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி இலங்கையில் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் சுமார் 17 சதவீதமானோர் வளர்ச்சி குன்றியவர்கள். தோட்டத்துறையில் மட்டும் இது சுமார் 32 சதவீதம். 2006/07 ஆய்வில் தோட்டத்துறைப் பெறுமானம் சுமார் 40 சதவீதமாக இருந்தது.

இவ்விரு எண்களையும் ஒப்பிடுங்கள். பத்து ஆண்டுகளில் 40 என்பது 32 ஆகக் குறைந்தது. மக்களின் பரம்பரை அலகுகள் பத்து ஆண்டுகளில் மாறுவதில்லை. மாறக் கூடியவை உணவு, நீர், மலசலகூடம், கர்ப்பிணிப் பராமரிப்பு போன்றவையே. ஆகவே தோட்டத்துறையின் இந்த உயர்ந்த வீதத்தைப் பரம்பரை உடற்கட்டு எனக் கூறி விளக்க முடியாது.

உலகிலும் இதற்குச் சான்று உண்டு. தென்கொரியாவில் நூறு ஆண்டு இடைவெளியில் பிறந்த பெண்களை ஒப்பிட்ட ஆய்வு 2016 இல் வெளியானது. வளர்ந்த பெண்ணின் சராசரி உயரம் சுமார் 20 செ.மீ. கூடியிருந்தது. ஒரு தனி ஆளின் உயரத்தில் பரம்பரைக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் ஒரு சமூகம் முழுவதும் குட்டையாக இருந்தால் முதலில் கேட்க வேண்டியது “என்ன சாப்பிட்டார்கள்?” என்பதே.

தாயும் அம்மம்மாவும் குட்டையாக இருப்பது ஏன்? குறைபோசணை தலைமுறை விட்டுத் தலைமுறை தொடரும். சிறு வயதில் போதிய உணவின்றி வளர்ந்த பெண் உயரம் குறைந்த தாயாகிறாள். குருதிச்சோகையுடன் கர்ப்பகாலத்திலும் மலையேறிக் கொழுந்து பறிக்கிறாள். குழந்தை நிறை குறைந்து பிறக்கிறது. லயத்தில் நெருக்கமாக வாழும்போது வயிற்றோட்டமும் சளி நோயும் அடிக்கடி வருகின்றன. கருவுற்றது முதல் இரண்டாவது பிறந்தநாள் வரையான ஏறத்தாழ 1000 நாட்களில் இழந்த உயரத்தைப் பின்னர் முழுமையாக ஈடுசெய்வது கடினம். இவ்வட்டமே பரம்பரை போலத் தோற்றமளிக்கின்றது.

இப்போது உதாரணம் 4 க்குத் திரும்புவோம். அத்தாயின் சுட்டி உகந்ததே. உயரமும் நிறையும் சேர்ந்தே குறைந்திருப்பதால் சுட்டி சாதாரணமாக வருகிறது. சிறு வயதில் ஏற்பட்ட இழப்பை அந்த எண் காட்டாது. பிள்ளைகளிலும் இவ்வாறே நிகழலாம். எனவே உடற்றிணிவுச் சுட்டியோடு வயதுக்கேற்ற உயரத்தையும் பார்த்தால் மட்டுமே போசணை நிலையைச் சரியாகக் கூற முடியும்.

6. நீங்கள் செய்யக் கூடியவை

• தரம் 1, 4, 7, 10 இல் பாடசாலை மருத்துவப் பரிசோதனை நடைபெறும். அன்று வீட்டில் நிற்க வேண்டாம். உங்கள் உயரத்தையும் நிறையையும் கேட்டு எழுதி வைத்துக் கொள்ளுங்கள்.
• தம்பி தங்கையரின் பிள்ளை சுகாதார விருத்திப் பதிவேட்டிலுள்ள வளர்ச்சிக் கோட்டைப் பாருங்கள். கோடு மேலே செல்லாமல் கிடையாகச் சென்றாலோ கீழே சரிந்தாலோ குடும்ப சுகாதார உத்தியோகத்தரிடம் தெரிவிக்குமாறு பெற்றோரிடம் கூறுங்கள். “கட்டு அப்படித்தான்” என விட்டுவிடக் கூடாது.
• கோதுமை மா ரொட்டியும் சம்பலும் பசியைத் தீர்க்கும், வளர்ச்சிக்குப் போதாது. பருப்பு, கௌபி, கடலை, சோயா, நெத்தலி, முட்டை, கீரை ஆகியவற்றில் கிடைப்பதைச் சேர்த்துக் கொள்ளுங்கள்.
• சாப்பாட்டோடு தேநீர் குடிக்க வேண்டாம். தேயிலையிலுள்ள தனின் போன்ற பதார்த்தங்கள் இரும்புச் சத்து உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். சாப்பிட்டு ஒரு மணித்தியாலமாவது கழிந்த பின் அருந்துங்கள். கீரையோடு தேசிக்காய்ப் புளி சேர்த்தால் இரும்பு நன்கு உறிஞ்சப்படும்.
• “கட்டையன்”, “ஊசி”, “குண்டு” எனச் சகமாணவரை அழைக்க வேண்டாம். அவர் தெரிவு செய்து கொண்ட கட்டு அன்று அது.

7. விடை எழுதும்போது நேரும் பிழைகள்

(1) உயரத்தைச் சென்ரிமீற்றரில் பிரதியிடல். மீற்றருக்கு மாற்றிய பின்னரே வர்க்கிக்க வேண்டும்.
(2) உயரத்தை வர்க்கிக்க மறத்தல்.
(3) மாணவர்களுக்கு வளர்ந்தோரின் அட்டவணையைப் பயன்படுத்தல்.
(4) “மெலிந்த உடற்கட்டு” என்பதும் “குறைபோசணை” என்பதும் ஒன்றெனக் கொள்ளல். முதலாவது தோற்றத்தின் வருணனை. இரண்டாவது அளந்து அறியும் சுகாதார நிலை.
(5) கர்ப்பகாலத்தில் கூடிய நிறையைக் கொண்டு சுட்டியைக் கணித்தல். கர்ப்பத்தின் தொடக்கத்தில் எடுத்த நிறையே பயன்படுத்தப்படும்.

8. மாதிரி வினாக்களும் விடைகளும்

வினா 1: உடற்கட்டு என்றால் என்ன?
விடை: என்புச்சட்டம், தசை, கொழுப்பு, உடற்பகுதிகளின் விகிதம் ஆகியன சேர்ந்து ஒருவரின் உடலுக்குத் தரும் மொத்தத் தோற்ற அமைப்பு.

வினா 2: ஷெல்டனின் மூன்று உடற்கட்டு வகைகளைக் குறிப்பிட்டு, ஒவ்வொன்றின் இயல்பையும் எழுதுக.
விடை: எண்டோமோர்ப் – பருத்தது, கொழுப்புக் கூடியது. மெசோமோர்ப் – தசையும் என்பும் திரண்டது. எக்டோமோர்ப் – நெடியது, மெலிந்தது.

வினா 3: 48 கி.கி. நிறையும் 160 செ.மீ. உயரமும் உள்ள 25 வயதுப் பெண்ணின் உடற்றிணிவுச் சுட்டியைக் கணித்து, நிலையைக் கூறுக.
விடை: உயரம் 1.60 மீ. 1.60 × 1.60 = 2.56. 48 ÷ 2.56 = 18.75 கி.கி./மீ². உகந்த நிறை, ஆயினும் கீழ் எல்லைக்கு அண்மையில் உள்ளது.

வினா 4: உடற்றிணிவுச் சுட்டியின் குறைபாடுகள் மூன்று தருக.
விடை: தசையையும் கொழுப்பையும் வேறுபடுத்தாது. கொழுப்பு எங்கே படிந்துள்ளது எனக் காட்டாது. வளர்ச்சி குன்றலை வெளிப்படுத்தாது.

வினா 5: “தோட்டத்துப் பிள்ளைகளின் உயரக் குறைவுக்குப் பரம்பரை உடற்கட்டே காரணம்.” இக்கூற்றை ஆராய்க.
விடைக்கான குறிப்புகள்: 2006/07, 2016 தரவுகளின் வேறுபாடு, பரம்பரை அலகுகள் குறுகிய காலத்தில் மாறாமை, தாயின் போசணை, பிறப்பு நிறை, தொற்று நோய், சுகாதார வசதி ஆகியவற்றின் பங்கு, தலைமுறை தொடரும் வட்டம், தென்கொரிய உதாரணம். தனி ஒருவரில் பரம்பரைக்கும் பங்கு உண்டு என்பதையும் கூறி, கூற்று ஏற்கத்தக்கதன்று என முடிக்கவும்.

நினைவிற் கொள்க

உடற்கட்டு என்பது ஒருவரை வருணிக்கும் சொல். சுட்டியும் வளர்ச்சி வரைபடமும் அளக்கும் கருவிகள். போசணை நிலை என்பது அளந்த பின் எடுக்கும் முடிவு. வருணனையை முடிவாகக் கொண்டால் பரீட்சையில் போவது சில புள்ளிகள். வீட்டில் அவ்வாறு கொண்டால், உதவி தேவைப்படும் ஒரு பிள்ளை கவனிக்கப்படாமல் போய்விடும். அளந்து பார்த்த பிறகே கூறுங்கள்.